பழைய நிலத்தில் புதிய பயணம்

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது பழமொழி. வீடியோ விளையாட்டுகளை உருவாக்குவோரை விடாமல் துரத்துகின்ற அச்சமும் இதுவே. ஒரு விளையாட்டு மக்களுக்குப் பிடித்துவிட்டால் அதற்கு இரண்டாம் பாகம் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களே, வந்த இரண்டாம் பாகம் முதலாவதைப் போலவே இருந்துவிட்டால், 'பழைய கள், புதிய மொந்தை' என்று ஒதுக்கியும் விடுகிறார்கள். ஆகவே புதிய நாடு, புதிய ஊர், புதிய மலை என்று ஒவ்வொரு முறையும் உலகத்தையே புதிதாகப் படைப்பது பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கத்தை மீறி, முன்பு ஆடிய அதே நிலப்பரப்பில், அதே மலைகளுக்கும் ஆறுகளுக்கும் நடுவே இரண்டாம் பாகத்தை நடத்தினால் அது சரியா? அதை உழைப்புக்கு அஞ்சிய சோம்பல் என்று கொள்வதா? அல்லது அதனால் ஆட்டக்காரருக்கு நன்மை ஏதேனும் உண்டா?

இக்கேள்வியை ஆராய நல்ல சான்று ஒன்று கிடைத்திருக்கிறது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' என்ற வரிசையில் 2017 மார்ச் 3-ஆம் நாள் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. வனத்தின் மூச்சு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அதன் இரண்டாம் பாகமான 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்', அதாவது அரசின் கண்ணீர், 2023 மே 12-ஆம் நாள் வெளிவந்தது. இரண்டும் ஹைரூல் என்னும் ஒரே கற்பனை நாட்டில், ஒரே நிலப்படத்தின் மேல் நடப்பவை. லிங்க் என்ற ஒரே வீரனைத்தான் இரண்டிலும் நாம் நடத்துகிறோம். இரண்டும் ஸ்விட்ச் என்ற ஒரே கருவியில் ஓடுபவை. வெளிவந்த மூன்றே நாட்களில் இரண்டாவது விளையாட்டு ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது என்று நிறுவனம் அறிவித்தது. விற்பனை ஒன்றே தரத்துக்குச் சான்று ஆகாது. எனவே பொருளையே எடுத்துப் பார்ப்போம்.

பலகையும் நிலமும்

சதுரங்கத்தின் 64 கட்டங்கள் நூற்றாண்டுகளாக மாறவில்லை. ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளும் பல்லாங்குழியின் குழிகளும் அப்படியே இருக்கின்றன. பலகை பழையது என்று யாரும் குறைப்படுவதில்லை. ஆடும் விதத்தில்தான் புதுமை இருக்கிறது. அப்படியானால் வீடியோ விளையாட்டில் மட்டும் பழைய நிலத்தை ஏன் குறை சொல்ல வேண்டும்?

காரணம் உண்டு. சதுரங்கப் பலகையில் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. முதல் பார்வையிலேயே அது முழுவதும் தெரிந்துவிடுகிறது. ஹைரூல் போன்ற உலகம் அப்படிப்பட்டது அன்று. குன்றைத் தாண்டினால் என்ன இருக்கும், அருவிக்குப் பின்னால் குகை உண்டா என்று தேடிக் காண்பதே அங்கே ஆட்டத்தின் பெரும்பகுதி. கண்டுபிடிப்பு என்பது ஒருமுறைதான் நிகழும். ஒருவர் ஒரு குகையை இரண்டு தடவை கண்டுபிடிக்க முடியாது. முதல் பாகத்தை ஆடி முடித்தவர், அந்த நிலத்தில் கிடைக்கக்கூடிய வியப்பைச் செலவழித்துவிட்டார். அதே நிலத்தை மறுபடியும் கொடுத்தால், செலவான வியப்புக்கு ஈடாக வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும். அந்த ஈடு என்ன என்பதுதான் இங்கே ஆராய வேண்டிய பொருள்.

முதல் பாகம் எப்படி அமைந்தது?

முதல் பாகத்தின் இயக்குநர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷி. தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா. நாடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஃபுஜிபயாஷி எளிய வழி ஒன்றைக் கையாண்டார். தமக்கு நன்கு தெரிந்த கியோட்டோ நகரத்தின் வரைபடத்தை விளையாட்டின் நிலப்படத்தோடு பொருத்திப் பார்த்தார். இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு நடந்துபோக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவர் உடல் அனுபவத்தால் அறிந்திருந்தார். அந்த அனுபவமே அளவுகோலாயிற்று.

மேடுபள்ளங்களை வைப்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. மலை, குன்று, பாறை எல்லாவற்றையும் பெரிய, நடுத்தர, சிறிய முக்கோணங்களாக அவர்கள் எண்ணினர். முக்கோண வடிவுள்ள மேட்டின் முன் நிற்பவருக்கு இரண்டு வழிகள்: ஏறலாம் அல்லது சுற்றிப் போகலாம். அம்மேடு தனக்குப் பின்னால் உள்ளதை மறைக்கவும் செய்கிறது. ஏறிப் பார்த்தால் புதிதாக ஒன்று கண்ணில் படும். அதை நோக்கிக் கால் நகரும். ஆவலைத் தூண்டும் இந்த ஏற்பாடு அந்நாடு முழுவதும் பரவியிருக்கிறது.

மூன்றாவது சிறப்பு, இயற்கை விதிகள். பொருள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் நிரல் பல விளையாட்டுகளில் உண்டு. விழும் கல் எவ்வளவு வேகத்தில் விழும், எங்கே மோதும் என்பதை அது கணிக்கும். இவர்கள் அத்துடன் பொருள்களின் நிலைமாற்றத்தைக் கணிக்கும் மற்றொரு நிரலையும் எழுதி, அதற்கு 'வேதியியல் எஞ்சின்' என்று பெயரிட்டனர். நெருப்பு, நீர், பனி, மின்சாரம், காற்று ஆகியவை ஒரு பக்கம். மரம், கல், உலோகம், உயிர்கள் ஆகியவை மறுபக்கம். நெருப்பு மரத்தை எரிக்கும். நீர் நெருப்பை அணைக்கும். மரம் மரத்தின் நிலையை மாற்றாது. இத்தகைய சில விதிகளிலிருந்து எண்ணற்ற நிகழ்ச்சிகள் பிறக்கின்றன. புல்லுக்குத் தீ வைத்தால் வெப்பக்காற்று மேலெழும். அதில் துணி இறக்கையை விரித்து லிங்க் மேலே போகலாம். இடி மின்னலின்போது உலோக வாளை முதுகில் சுமந்தால் மின்னல் தாக்கும்.

எனவே முதல் பாகத்தை ஆடியவர் இரண்டு வகை அறிவைப் பெறுகிறார். ஒன்று, நிலத்தைப் பற்றிய அறிவு. மற்றொன்று, விதிகளைப் பற்றிய அறிவு. இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் செய்யப்போகும் மதிப்பீட்டுக்கு இதுவே அடிப்படை.

முன்னோடிகள்

பழைய உலகத்தைத் திரும்பப் பயன்படுத்துவது இந்த வரிசைக்குப் புதியதன்று. 1986-இல் வெளிவந்த முதலாவது ஜெல்டா விளையாட்டிலேயே 'இரண்டாம் தேடல்' என்ற ஒன்று இருந்தது. ஆட்டத்தை முடித்தபின் அதே நாட்டில் மறுபடியும் புறப்படலாம். ஆனால் நிலவறைகளின் அமைப்பும் அவை இருக்கும் இடங்களும் மாறியிருக்கும். இது பிறந்த வரலாறு சுவையானது. வடிவமைப்பாளர் தகாஷி தெசுகா நிலவறைகளை வரைந்தபோது, ஒதுக்கப்பட்டிருந்த நினைவகத்தில் பாதியை மட்டும் பயன்படுத்திவிட்டார். அது தவறுதலாக நேர்ந்தது. ஷிகெரு மியமோட்டோ அதைக் குறையாகக் கருதாமல், மிஞ்சிய பாதியில் இரண்டாவது தேடலை வைக்கலாம் என்றார். நினைவகம் அரிய பொருளாக இருந்த காலத்தில், கிடைத்ததை வீணாக்காத சிக்கனம் அது.

1998-இல் 'ஒகரினா ஆஃப் டைம்' வந்தது. அதன் நிலவறைகளை மாற்றியமைத்து மற்றொரு பதிப்பு செய்யுமாறு மியமோட்டோ கேட்டபோது அவோனுமாவுக்கு அதில் மனம் செல்லவில்லை. அப்படியானால் ஓராண்டில் புதிய விளையாட்டு ஒன்றைச் செய்து காட்டு என்பது மியமோட்டோவின் அறைகூவல். விளைவு, 2000 ஏப்ரலில் வெளிவந்த 'மஜோராஸ் மாஸ்க்'. அதில் முந்தைய விளையாட்டின் மனித உருவங்கள் அப்படியே எடுத்தாளப்பட்டன. ஆனால் நாடு வேறு, கதை வேறு, அம்மனிதர்களின் வாழ்க்கையும் வேறு. மூன்று நாட்களில் நிலா வந்து மோதி ஊர் அழியும். அதற்குள் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, அதே மூன்று நாட்களை மீண்டும் மீண்டும் வாழ வேண்டும். காலம் இல்லாமையே இந்தப் புதுமைக்குத் தாயாயிற்று எனலாம்.

2013-இல் வந்த 'எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்' வேறொரு வழியில் சென்றது. 1991-இல் வந்த 'எ லிங்க் டு த பாஸ்ட்' விளையாட்டின் நாட்டையே அது மீண்டும் தந்தது. ஆனால் இம்முறை லிங்க் சுவரில் ஓவியமாக ஒட்டிக்கொண்டு, சுவரோரமாக நகர முடியும். முன்பு தடையாக இருந்த சுவர் இப்போது பாதை ஆயிற்று. 22 ஆண்டுகளுக்கு முன் மனப்பாடமான நிலப்படம், இந்த ஒரு மாற்றத்தால் வேறு பொருள் பெற்றது.

மூன்று முயற்சிகளிலும் பொதுவான ஒன்றைக் காணலாம். பழையது எதுவோ அதை அப்படியே வைத்துக்கொண்டு, அதனோடு உறவாடும் முறையை மாற்றியிருக்கிறார்கள்.

எலிகள் கற்பிக்கும் பாடம்

தெரிந்த இடத்தில் திரும்ப நடப்பது மனத்துக்கு என்ன செய்கிறது? இதுபற்றி உளவியலில் பழைய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டோல்மன் என்ற அறிஞரும் அவருடைய மாணவர் ஹான்சிக்கும் 1930-இல் வெளியிட்டது அது. எலிகளை மூன்று பிரிவாக்கிச் சிக்கலான பாதைகள் கொண்ட கூண்டில் நாள்தோறும் விட்டார்கள். முதல் பிரிவுக்குப் பாதையின் முடிவில் எப்போதும் உணவு உண்டு. இரண்டாம் பிரிவுக்கு எப்போதும் இல்லை. மூன்றாம் பிரிவுக்குப் பத்து நாட்கள் உணவு இல்லை. பதினோராம் நாளில்தான் வைத்தார்கள்.

பத்து நாட்களும் மூன்றாம் பிரிவு எலிகள் நோக்கமின்றி அலைந்ததாகவே தோன்றியது. ஆனால் உணவைக் கண்ட மறுநாளே அவற்றின் தவறுகள் திடீரெனக் குறைந்தன. முதல் நாளிலிருந்தே உணவு பெற்றுவந்த எலிகளுக்கு இணையாக அவை ஓடின. அப்படியானால் அலைந்த நாட்களிலும் அவை கற்றுக்கொண்டிருந்தன. கற்றதைக் காட்டத் தேவை ஏற்படவில்லை, அவ்வளவே. இடத்தைப் பற்றிய படம் ஒன்று மனத்தில் உருவாகிறது என்று டோல்மன் முடிவு கூறினார். 1948-இல் எழுதிய கட்டுரையில் அதை மனவரைபடம் என்ற பெயரால் விளக்கினார்.

பின்னர் 1971-இல் ஜான் ஓகீஃபும் அவருடைய உடனாய்வாளரும் எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் இட உயிரணுக்களைக் கண்டனர். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் அதற்குரிய உயிரணு துடிக்கும். எலியை முற்றிலும் வேறான இடத்துக்கு மாற்றினால் துடிப்பின் அமைப்பு மாறிவிடும். பழைய இடத்துக்குத் திரும்பினால் பழைய அமைப்பும் திரும்பும். இதற்காக ஓகீஃபுக்கும், 2005-இல் இதனோடு தொடர்புடைய வலை உயிரணுக்களைக் கண்ட மோசர் தம்பதியருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எலிச் சோதனையிலிருந்து வீடியோ விளையாட்டைப் பற்றி நேரடியாக முடிவு கட்டுவது பொருந்தாது. ஆனால் டோல்மனின் சோதனை ஒரு நல்ல ஒப்புமையைத் தருகிறது. பதினோராம் நாளில் கூண்டு மாறவில்லை, நோக்கம் மாறியது. அப்போதுதான், அதுவரை பயனின்றிக் கிடந்த அறிவு உயிர்பெற்றது. இரண்டாம் பாகம் செய்யவேண்டியதும் இதுவே. ஆட்டக்காரர் முன்பு சேர்த்த அறிவு அதில் வீணாகவும் கூடாது. அது மட்டுமே போதுமானதாகவும் இருக்கக் கூடாது. முந்தைய ஆண்டுப் பாடத்தை நன்கு படித்த மாணவனுக்கு அதே வினாத்தாளைத் திரும்பக் கொடுத்தால் அவன் சலிப்பான். அந்தப் பாடமே செல்லாது என்றால் ஏமாறுவான். படித்ததைப் பயன்படுத்திப் புதிய கணக்கைப் போடச் சொன்னால் மகிழ்வான்.

இரண்டாம் பாகத்தின் வெற்றி

இந்த அளவுகோலால் 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' விளையாட்டை அளப்போம்.

அதில் பல இடங்களில் முன்னறிவு மிக அழகாகப் புரட்டிப் போடப்படுகிறது. முதல் பாகத்தில் மரண மலை என்ற எரிமலையில் ஏற வேண்டுமானால் நெருப்பைத் தாங்கும் மருந்தோ கவசமோ வேண்டும்; இல்லாவிட்டால் உடல் பற்றி எரியும். அதை நினைவில் வைத்து மருந்தோடு வருகிறவர், இரண்டாம் பாகத்தில் மலை குளிர்ந்து கிடப்பதைக் காண்கிறார். வெப்பம் எங்கே போயிற்று என்ற கேள்வி உடனே எழுகிறது. விடை மலைக்கு அடியில் இருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு அது வெறும் மலை. முன்பு எரிந்து துன்பப்பட்டவருக்கோ அது புதிர். பழைய நிலம் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

லூரெலின் என்ற கடலோரக் கிராமம் மற்றொரு சான்று. முதல் பாகத்தில் அது மீனவர்கள் வாழும் அமைதியான இடம். பெரிய வேலை எதுவும் அங்கே கிடையாது. இரண்டாம் பாகத்தில் கடற்கொள்ளையர் அதைச் சூறையாடியிருக்கிறார்கள். அவர்களை விரட்டி, மரமும் அரிசியும் சேர்த்துக் கொடுத்து ஊரை மறுபடியும் எழுப்ப வேண்டும். புதிய ஊர் ஒன்று அழிந்து கிடந்தால் அது செய்தி. தெரிந்த ஊர் அழிந்து கிடந்தால் அது துயரம். இந்த உணர்ச்சியை எந்தப் புதிய உலகமும் முதல் நாளிலேயே தந்துவிட முடியாது.

அடுத்தது லிங்க்குக்குக் கிடைத்துள்ள புதிய ஆற்றல்கள். கண்ட பொருள்களை ஒன்றோடொன்று ஒட்டி வண்டி, படகு, பறக்கும் பொறி எதுவும் செய்யலாம். ஒரு பொருளின் இயக்கத்தைக் காலத்தில் பின்னோக்கிச் செலுத்தலாம். தலைக்கு மேல் உள்ள கூரையையோ பாறையையோ ஊடுருவி மேலே வரலாம். இந்தக் கடைசி ஆற்றல், விளையாட்டைச் செய்தவர்கள் சோதனைக்காக வைத்திருந்த குறுக்குவழி. குகையின் அடியிலிருந்து ஒவ்வொரு முறையும் திரும்பி நடக்கச் சலித்து அதைப் பயன்படுத்தியவர்கள், ஆட்டக்காரருக்கும் அதைக் கொடுத்துவிட்டார்கள். முன்பு மலை என்றால் வெளிப்புறமாக ஏறும் பொருள். இப்போது குகை கண்டால், இதன் கூரைக்கு மேலே எது இருக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது. நிலப்படம் தெரிந்தவருக்கே இந்தக் கேள்வி முழுப்பயன் தரும்.

இதற்குப் பின்னால் இருந்த உழைப்பையும் சொல்ல வேண்டும். எதையும் எதோடும் ஒட்டலாம் என்று அனுமதித்தவுடன், பழைய உலகின் கதவுகளும் பற்சக்கரங்களும் சிக்கல் கொடுத்தன. அவை இயற்பியல் விதிப்படி இயங்காமல், முன்கூட்டியே வரையப்பட்ட அசைவுகளால் இயங்கியவை. ஆட்டக்காரர் செய்த பொருள் ஒன்று இடையில் சிக்கினால் எல்லாம் தாறுமாறாகும். ஆகவே உலகில் உள்ள எல்லாவற்றையும் நிறை, உராய்வு, விசை ஆகியவற்றுக்குக் கட்டுப்படுமாறு மாற்றினார்கள் என்று தொழில்நுட்ப இயக்குநர் தகுஹிரோ தோஹ்தாவும் இயற்பியல் பொறியாளர் தகாஹிரோ தகயாமாவும் 2024-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் விளக்கினர். வெளிவரும் காலம் தள்ளிப்போவதாக 2022 மார்ச்சில் அறிவித்தபோதே வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது என்றும், எஞ்சிய ஓராண்டு செப்பனிடுவதற்கே ஆயிற்று என்றும் அவோனுமா பின்னர் கூறினார். நிலம் ஆயத்தமாக இருந்ததால்தான் இவ்வளவு உழைப்பையும் விதிகளின்மேல் செலவிட முடிந்தது. ஆகவே பழைய உலகம் என்றால் சோம்பல் என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்காது. மொந்தை பழையது, கள் புதியது.

எங்கே தவறியது?

ஆயினும் குறைகள் உண்டு; அவை சிறியவை அல்ல.

முதலாவது, பறக்கும் பொறி. இரண்டு விசிறிகளையும் ஒரு திருப்புக்கோலையும் ஒட்டினால் போதும், லிங்க் வேண்டிய திசையில் பறக்கலாம். இதை ஆட்டக்காரர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். இது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம், பாராட்டத்தக்கது. ஆனால் விளைவு என்ன? முக்கோண மேடுகளின் கணக்கு முழுவதும் ஏறுகிறவரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. ஏறலாமா, சுற்றலாமா என்ற கேள்வி வானத்தில் போகிறவருக்கு இல்லை. எந்தப் பாறையில் மூச்சு வாங்கலாம், மழை வருமுன் எந்த விளிம்பை எட்டலாம் என்று முதல் பாகத்தில் தேடிச் சேர்த்த அறிவெல்லாம் ஒரே பொறியால் செல்லாக் காசாகிறது. விதிகளைப் பற்றிய அறிவை வளர்த்த இரண்டாம் பாகம், நிலத்தைப் பற்றிய அறிவை இங்கே வீணாக்கிவிட்டது. நடப்பதற்காகச் செய்த நிலத்தைப் பறப்பவருக்குக் கொடுத்தால் நிலம் வெறும் விரிப்பாகிவிடும்.

இரண்டாவது, பாதாளம். இரண்டாம் பாகத்தில் நிலத்துக்கு மேலே வானத் தீவுகளும், கீழே நாடளவு பரந்த பாதாளமும் புதிதாகச் சேர்ந்துள்ளன. பாதாளத்தைப் படைத்த முறை மிக நுட்பமானது. மேலே மலை இருந்தால் கீழே பள்ளம். மேலே ஆறு ஓடினால் கீழே கடக்க முடியாத சுவர். நிலப்பரப்பில் 120 கோயில்கள். ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே பாதாளத்தில் ஒளிவேர் ஒன்று. அதன் பெயரோ கோயிலின் பெயரைத் தலைகீழாக எழுதியது. மேலுலகின் ஊர்களுக்குக் கீழே பழைய சுரங்கங்கள் இருக்கின்றன. ஒன்றின் படத்தைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்கலாம். பழைய நிலத்தையே அச்சாக வைத்து இன்னொரு நிலம் வார்த்திருக்கிறார்கள்.

எண்ணம் சிறந்தது, நிறைவேற்றியதில் குறை. எங்கு சென்றாலும் அதே இருட்டு, அதே சாம்பல் நிறம், அதே வகைப் பகைவர்கள். மேலே பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் உள்ள வேறுபாடு கீழே அனேகமாக இல்லை. முதல் சில மணி நேரம் அச்சமும் ஆவலும் தருகின்ற பாதாளம், அப்புறம் ஒளிவேர்களை எண்ணிக்கைக்காக ஏற்றும் வேலையாகிவிடுகிறது. புதிய நிலமே பழைய நிலத்தைவிட விரைவில் பழகிப்போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புதியது என்பதனாலேயே ஒன்று சுவைக்காது என்பதற்கு இந்த விளையாட்டே சான்று தருகிறது.

மூன்றாவது குறை நினைவைப் பற்றியது. தெரிந்த உலகம் என்றால், அந்த உலகமும் நம்மைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். முதல் பாகத்தில் நாடெங்கும் திரிந்த காவல் பொறிகளும், மலைபோன்ற நான்கு இயந்திர விலங்குகளும் இரண்டாம் பாகத்தில் காணப்படவில்லை. அவை என்னவாயின என்பதற்கு விளையாட்டினுள் தெளிவான விளக்கம் கிடையாது. முன்பு லிங்க்கோடு பழகிய சிலர், முன்பின் அறியாதவனிடம் பேசுவதுபோல் பேசுகிறார்கள். முதல் பாகத்தை ஆடாதவரும் குழம்பக் கூடாது என்ற எண்ணம் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் இடத்தை நினைவில் வைத்து, மனிதரை மறந்துவிட்டால் பழகிய உலகம் பாதிதான் பழகியதாகும். லூரெலின் தந்த துயரத்தை இந்த மறதி கெடுக்கிறது. இதோடு, நான்கு பெருங்கோயில்களை வென்றபின் வரும் நான்கு காட்சிகளிலும் ஏறத்தாழ ஒரே பழங்கதையைத் திரும்பச் சொல்வதும் சேர்ந்துகொள்கிறது. நிலம் திரும்ப வருவதை ஏற்கலாம்; வசனம் திரும்ப வருவதை ஏற்பதற்கில்லை.

விலையையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் முதல் பாகம் சுமார் 60 டாலருக்கும் இரண்டாவது சுமார் 70 டாலருக்கும் வெளியிடப்பட்டன. பழைய நிலத்துக்குக் கூடுதல் விலையா என்று கேட்பவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆறு ஆண்டு உழைப்பைக் காட்டி அதற்கு விடை சொல்லலாம். ஆனால் அந்த உழைப்பு எங்கெல்லாம் ஆட்டக்காரர் கைக்கு வந்து சேர்ந்தது, எங்கெல்லாம் சேரவில்லை என்பதை மேலே கண்டோம்.

ஒரு தெரு, பல ஆண்டுகள்

மறந்த இடத்தில் நினைவு எப்படி இருக்கலாம் என்பதற்கு வேறொரு ஜப்பானிய வரிசை வழிகாட்டுகிறது. சேகா நிறுவனத்தின் 'யகுசா' வரிசை 2005 டிசம்பரில் தொடங்கியது. டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியைப் பார்த்து வரையப்பட்ட காமுரோச்சோ என்னும் சிறிய கற்பனைப் பேட்டைதான் அதன் களம். பல பாகங்கள் அதே தெருக்களில் நடந்தன. பாகத்துக்குப் பாகம் கடைகள் மாறின. மனிதர்களுக்கு வயது ஏறியது. 2015-இல் வந்த 'யகுசா 0' காலத்தில் பின்னோக்கிச் சென்று 1988-ஆம் ஆண்டைக் காட்டியது. முதல் பாகத்தில் பேட்டையின் அடையாளமாக நின்ற பெருங்கோபுரம் அப்போது இல்லை. அது இல்லாத வானத்தைப் பார்த்தபோது, அதன் இடம் எது என்று அறிந்தவருக்கு ஒரு வரலாறே தெரிந்தது.

அந்தப் பேட்டை சிறியது. அதனால் அதைத் திருத்தித் திருத்தி எழுத முடிந்தது. ஹைரூலோ பெரிய நாடு. எல்லா மூலைகளிலும் ஆறாண்டு மாற்றத்தைக் காட்டுவது கடினம். திரும்பப் பயன்படுத்தும் உலகம் சிறியதாக இருப்பது நலம் என்ற பாடத்தை இதிலிருந்து பெறலாம். அந்த வரிசையும் 2020-இல் வந்த ஏழாம் பாகத்தில் தன் பெரும்பகுதிக் கதையை யோக்கஹாமாவைப் பார்த்து வரைந்த வேறொரு ஊருக்கு மாற்றிக்கொண்டது. எந்தத் தெருவுக்கும் ஓர் எல்லை உண்டு போலும்.

முடிவு

பழைய உலகத்தை இரண்டாம் பாகத்தில் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு, பயன்படுத்தலாம் என்பதே நம் விடை. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. ஆட்டக்காரர் அந்நிலத்தோடு உறவாடும் முறை மாற வேண்டும். அவர் முன்பு கற்றது புதிய கேள்விக்குப் பயன்பட வேண்டும். அவர் நிலத்தை நினைவில் வைத்திருப்பதுபோல், நிலமும் அதன் மனிதர்களும் அவரை நினைவில் வைத்திருக்க வேண்டும். 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' முதலாவதில் முழு வெற்றி பெறுகிறது. இரண்டாவதில் பாதி வெற்றி. மூன்றாவதில் தவறுகிறது. என்றாலும், ஒவ்வொரு முறையும் உலகத்தையே புதிதாகப் படைத்தாக வேண்டும் என்ற வழக்கத்தைக் கேள்வி கேட்கத் துணிந்த முயற்சி என்ற வகையில் அது மதிக்கத்தக்கது.

மாணவர்கள் இதில் எண்ணிப் பார்க்க ஒன்று உண்டு. ஒரு விளையாட்டில் நூறு மணி நேரம் செலவிடுகிறவர் பணத்தை மட்டும் செலவிடவில்லை. தம் கவனத்தையும் நினைவாற்றலையும் அதில் முதலீடு செய்கிறார். தெருவும் திருப்பமும் மூளையில் பதிந்துவிடுகின்றன. அடுத்த பாகத்தை வாங்குமுன், அதில் எத்தனை புதிய மலைகள் இருக்கின்றன என்று கேட்பதைவிட, நாம் முன்பே கற்றதை அது எப்படி நடத்துகிறது என்று கேட்பது அறிவுடைமை. கற்றதை மதிக்கும் ஆட்டம், நிலம் பழையதானாலும் புளிக்காது.